ஆறு வார ஹோட்டல் சர்வீஸ் கோர்ஸ்: சேர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை

சித்தி பொண்ணு போன் பண்ணி, "அக்கா நீ பண்ணுன அந்த கோர்ஸ்லயே நானும் சேரவா, இல்ல எண்பத்தஞ்சாயிரம் கட்டி பிரைவேட்ல டிப்ளமோ சேரவா"ன்னு கேட்டா. அவளுக்கு அரை மணி நேரம் சொன்னதத்தான் இங்க எழுதுறேன். இன்ஸ்டிடியூட் பேரு போடல, குறை சொல்ற இடமும் இருக்கு, நமக்கு எதுக்கு வம்பு.

நான் பண்ணுனது சுற்றுலா அமைச்சகத்தோட "ஹுனர் சே ரோஜ்கார் தக்" திட்டத்துல வர்ற ஃபுட் அண்ட் பெவரேஜ் சர்வீஸ், ஆறு வாரம். இந்தப் பேர எங்க பேட்ச்ல ஒருத்தரும் கடைசி வரைக்கும் சரியா சொல்லல, "ரோஜ்கார் கோர்ஸ்"னுதான் சொல்லுவோம். 2009 வாக்குல ஆரம்பிச்ச திட்டம், எட்டாவது பாஸ் பண்ணிருந்தா போதும், பீஸ் கிடையாது, யூனிஃபார்மும் மத்தியானச் சாப்பாடும் அவங்களே தந்தாங்க. ஸ்டைபெண்டும் உண்டு, ஆனா அட்டெண்டன்ஸ் குறைஞ்சா கிடைக்காது, அதுல கறாரா இருந்தாங்க. பி.காம்ல ரெண்டு அரியர் வெச்சிட்டு வத்தலக்குண்டுல வீட்ல சும்மா உக்காந்திருந்த எனக்கு காசு கட்டாத கோர்ஸ்ங்கிறதே பெரிய விஷயம். அப்பா மட்டும் "ஹோட்டல்ல எச்சித் தட்டு எடுக்கிற வேலைக்கு ஒரு படிப்பாம்மா"ன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தாரு.

சரி, என்ன சொல்லிக் குடுத்தாங்க. கை வேலைய ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்தாங்க, இதுல நான் பொய் சொல்ல மாட்டேன். மொத வாரம் பூராம் ட்ரேதான், இடது கையில ட்ரே, அது மேல தண்ணி நிரப்புன ஆறு பாட்டில், மாடிப்படி ஏறி இறங்கணும், நாலாவது நாள் மணிக்கட்டு வீங்கி சாப்பாடு பெசையக்கூட முடியல. அப்புறம் டேபிள்ல கவர் போடுறது, அதாவது ஒரு ஆளுக்கு வேண்டிய தட்டு, ஸ்பூன், கிளாஸ அடுக்கி வைக்கிறது, ஃபோர்க் இடது பக்கம், கத்தி வலது பக்கம், கத்தியோட கூர் பிளேட்டப் பாத்து இருக்கணும், தண்ணி கிளாஸ் கத்தி முனைக்கு நேர் மேல. பிளேட்ல போட்டே வர்றத வலது பக்கத்துல இருந்து வைக்கணும், டிஷ்ல கொண்டு போய் பரிமாறுறது இடது பக்கத்துல இருந்து, காலி பிளேட்ட எடுக்கிறது வலது பக்கம். இத தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு திரும்பத் திரும்ப செய்ய வெச்சாரு எங்க சாரு. கொடைக்கானல்ல வேலைக்குப் போன மொத நாள் பாத்தா பாதி டேபிள் ஜன்னலோட ஒட்டிப் போட்டிருக்கு, இடது பக்கமே கிடையாது. கேப்டன், அதாவது சர்வீஸ் பண்ற எங்களுக்கெல்லாம் மேல இருக்கிறவரு, சிரிச்சிட்டு, "கெஸ்ட் மேல இடிக்காம வைமா, அது போதும்"னாரு. ஆனாலும் சொல்றேன், முறை தெரிஞ்சவங்க மீறுறதுக்கும் தெரியாதவங்க தடுமாறுறதுக்கும் பாத்தாலே வித்தியாசம் தெரியும், கேப்டனும் அதப் பாத்துத்தான் ரெண்டாவது வாரமே எனக்கு தனியா நாலு டேபிள் குடுத்தாரு.

ஒரே ஒரு மத்தியானம் ஜெயின் சாப்பாடு பத்தி சொன்னாங்க, வெங்காயம் பூண்டு மட்டும் இல்ல, உருளைக்கிழங்கு கேரட் மாதிரி மண்ணுக்கு அடியில விளையிற எதுவும் ஆகாதுன்னு. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது. மலைக்கு வர்ற வடக்கத்தி குடும்பங்கள்ல பாதிப் பேரு இதக் கேப்பாங்க, நாம கே.ஓ.டி.ல, அதாவது கிச்சனுக்கு அனுப்புற ஆர்டர் சீட்டுல, எழுத மறந்தா கிச்சன்ல வழக்கம்போல பாஜிக்கு உருளைக்கிழங்கப் போட்டுருவாங்க, அப்புறம் மொத்த டேபிளும் திரும்பி வரும்.

இப்ப குறை. சுற்றுலா வேலைக்குன்னு சொல்லி நடத்துற கோர்ஸ்ல ஊரப் பத்தி ஒரு மணி நேரம்கூட பாடம் கிடையாது!! வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிறதுக்கு மிசாங் பிளாஸ்னு பிரெஞ்சு வார்த்தை தெரியும், பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை பர்மிஷன் வேணும்னு தெரியாது. வந்த மொத மாசமே ஒரு அம்மா "குறிஞ்சிப் பூ எங்க பூத்திருக்கு"ன்னு கேட்டாங்க, நான் முழிச்சேன், நல்லவேளை பக்கத்துல நின்ன ரூம்பாய் அண்ணன்தான் "2018ல பூத்துச்சும்மா, இனி 2030லதான்"னு சொல்லி மானத்தக் காப்பாத்துனாரு. 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் கட்டாயம்னு கோர்ட் ஆர்டர் வந்தப்ப ரிசப்ஷன்ல ஆள் பத்தலன்னு என்னையும் போன்ல உக்கார வெச்சாங்க, நாளெல்லாம் "பாஸ் எப்படிப் போடுறது, பைக்குக்கும் வேணுமா, பாஸ் இல்லாட்டி அடிவாரத்துலயே திருப்பி விட்ருவாங்களா"ன்னு கேள்வி, இந்தி பாதி இங்கிலீஷ் பாதி. போன எடுத்தா மொதல்ல என்ன சொல்லணும்னுகூட எங்களுக்கு சொல்லித் தரல. நாப்கின்ல பிஷப் தொப்பி மடிக்கிறதுக்கு மூணு நாள் செலவு பண்ணுனாங்க, அதுல ஒரு நாள் இதுக்கு ஒதுக்கிருக்கலாம். (அந்தத் தொப்பிய வேலையில இதுவரைக்கும் ரெண்டு தடவதான் மடிச்சிருக்கேன், ரெண்டும் நியூ இயருக்கு.)

இன்னொண்ணு, கடைசி வாரம் "பிராக்டிகல்"னு ஒரு கல்யாணத்துக்கு ஓ.டி.சி., அதாவது வெளியில போய் பண்ற கேட்டரிங் வேலைக்கு, அனுப்புனாங்க. காலைல ஆறு மணிக்குப் போய் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் தண்ணி பாட்டில் எடுத்து வெச்சதுதான், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லித் தரல, கான்ட்ராக்டருக்கு ஓசி ஆளு நாங்க. பொண்ணுங்க நாலு பேரு வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குக்கூட ஏற்பாடு இல்ல, எங்க அப்பாதான் மாமா வண்டிய எடுத்துட்டு வந்து நாலு பேரையும் கூட்டிட்டுப் போனாரு, வழியெல்லாம் வாயே தெறக்கல. பிளேஸ்மென்ட்டும் அப்படித்தான், "ஹெல்ப் பண்ணுவோம்"னாங்க, அஞ்சு போன் நம்பர் குடுத்தாங்க, அதுல ஒண்ணுதான் எடுத்தாங்க. எனக்கு வேலை கிடைச்சதுக்குக் காரணம் பேட்ச் மார்ச் கடைசில முடிஞ்சது, ஏப்ரல் மே சீசனுக்கு எல்லா ஹோட்டலுக்கும் ஆள் வேணும். ஜூலைல முடிஞ்ச அடுத்த பேட்ச் பசங்க ரெண்டு மாசம் அலைஞ்சாங்க.

சம்பளம் சாப்பாடு தங்குற இடத்தோட பதினோராயிரத்துல ஆரம்பிச்சாங்க, டிப்ஸ் தனி. பிரேக் ஷிஃப்ட், அதாவது பதினொண்ணுல இருந்து மூணு, திரும்ப ஏழுல இருந்து கடை மூடுற வரைக்கும், நடுவுல இருக்கிற நாலு மணி நேரத்துல தூங்கவும் முடியாது ஊர் சுத்தவும் முடியாது. இத எந்தக் கோர்ஸும் சொல்லாது, அதான் நான் சொல்றேன்.

அந்த எண்பத்தஞ்சாயிரம் டிப்ளமோவ முடிச்ச பையன் ஒருத்தன் எங்க ரெஸ்டாரன்ட்ல இருக்கான், நல்ல பையன், எனக்கு என்ன சம்பளமோ அதேதான் அவனுக்கும், அதே ட்ரேதான். அவனுக்கு கூடுதலா இருக்கிறது லோன். மேனேஜர் ஆகணும்னு ஆசை இருந்தா மூணு வருஷ டிகிரி படி, 1963ல ஆரம்பிச்சு இப்ப சென்னை தரமணில இருக்கே அந்த மாதிரி கவர்மென்ட் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு என்ட்ரன்ஸ் எழுது, அது வேற பாதை. வேலை பிடிக்குதா இல்லையான்னு பாக்கத்தான்னா இந்த ஓசி ஆறு வாரம் தாராளமாப் போதும். அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன், அந்த அரை ஸ்டார் ஜெயின் கிளாஸுக்கு.

சித்தி பொண்ணுகிட்ட ஜனவரி கடைசில ஆரம்பிக்கிற பேட்ச்சா பாத்துச் சேரச் சொல்லிருக்கேன். கறுப்பு ஷூ வாங்கும்போது காலைல போய் வாங்காத, சாயங்காலம் போ, நின்னு நின்னு கால் வீங்குன அளவுக்கு அரை சைஸ் பெருசா எடுன்னும் சொன்னேன். அதுக்கு அவ, "அக்கா அப்ப உன் பழைய ஷூவே எனக்கு சரியா இருக்கும்ல"ங்கிறா.