சென்னையிலிருந்து கன்னியாகுமரிப் படகுக்கு: இரவு ரயிலா, வந்தே பாரத்தா, பேருந்தா, விமானமா?

விவேகானந்தர் பாறைக்குப் படகில் போக வேண்டும், வள்ளுவரின் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று என் அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். சிலை 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. மேலே நிற்கும் உருவம் 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து. இந்தக் கணக்கை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு அம்மாவையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை வந்தே பாரத்தில், இரண்டாம் முறை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில். அதற்கு முன்பு பேருந்திலும், ஒரு முறை திருவனந்தபுரம் வரை விமானத்திலும் தனியாகப் போயிருக்கிறேன். நான்கையும் எடைபோட்ட பிறகு இரவு ரயில்தான் என் தேர்வு. வேகமும் கட்டணமும் எல்லோரும் முதலில் பார்க்கும் விஷயங்கள்; இந்தப் பயணத்தை அவை தீர்மானிப்பதில்லை. படகுத்துறை வரிசையில் எத்தனை மணிக்குப் போய் நிற்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

வந்தே பாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய ரயில் அது. காலை 5 மணிக்கு எழும்பூரில் கிளம்பி, மதியம் 2 மணி ஆவதற்குள் நாகர்கோவில் வந்துவிடுகிறது. 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒன்பது மணி நேரத்துக்குள் கடப்பது பெரிய விஷயம். சுத்தமான பெட்டி, குளிர்சாதனம், இருக்கைக்கே வரும் உணவு. மதுரை தாண்டிய பிறகு கரிசல் காட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வருவது தனி சுகம். ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன் என்று என் மகள் அடம்பிடித்தாள்.

ஆனால் அது நாகர்கோவிலோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கன்னியாகுமரிக்கு 20 கிலோமீட்டர் இருக்கிறது. கோட்டாறில் இருக்கும் நாகர்கோவில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, பெட்டிகளோடு ஆட்டோ பிடித்து, பேருந்து நிலையம் போய், சுசீந்திரம், கொட்டாரம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறி இறங்கியபோது மணி 3.20. விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் படகுத்துறைக்குப் போனோம். சாதாரண நாட்களில் படகு காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரைதான். அன்று சனிக்கிழமை வேறு. எங்களுக்கு முன்னால் நின்ற வரிசை படகில் ஏறி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும் என்பது பார்த்த உடனேயே தெரிந்தது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வள்ளுவரையே பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்தது கரையில் நின்று பார்ப்பதற்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கே போய் நின்றோம். அது பௌர்ணமியை ஒட்டிய நாள். கன்னியாகுமரிச் செய்திகளை நாளிதழில் படிப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: "கடல் நீர்மட்டம் தாழ்வு, படகு சேவை தாமதம்." அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இது அடிக்கடி நடக்கிறது. நீர் உள்வாங்கினால் பாறைகளுக்கு நடுவே படகு தரைதட்டும் அபாயம் உண்டு என்பதால், மட்டம் ஏறும் வரை படகை எடுக்க மாட்டார்கள். எடுக்காமல் இருப்பதுதான் சரி. அன்று முதல் படகு கிளம்பியபோது மணி 10 தாண்டிவிட்டது. அதற்குள் வரிசை கடற்கரைச் சாலை வரை வளர்ந்திருந்தது. எங்கள் திரும்பும் டிக்கெட்டும் வந்தே பாரத்தில்தான். நாகர்கோவிலில் பிற்பகல் 2.20 வாக்கில் கிளம்பிவிடும். பாறையில் இறங்கி, தியான மண்டபத்தில் சற்றே உட்கார்ந்து, கண்ணாடிப் பாலத்தின் முனை வரை போய், கூட்டத்தைப் பார்த்து, மணியைப் பார்த்துத் திரும்பிவிட்டோம். பாலத்தின் நீளம் வெறும் 77 மீட்டர். அந்த 77 மீட்டரை அம்மா நடக்கவில்லை.

வந்தே பாரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்குப் போனது. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்களுக்குப் படகுக்கென்று அது விட்டுவைப்பது ஒரே ஒரு முற்பகல். அந்த முற்பகலில் கடல் ஒத்துழைக்காவிட்டால் வேறு வழியில்லை. இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது வந்தே பாரத்தையே எடுங்கள் என்றுகூடச் சொல்வேன். இன்னொன்று, அதில் படுக்கை கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி. ஒன்பது மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் இறங்கும்போது கணுக்கால் வீங்கியிருந்தது.

அடுத்த தை மாதம், பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில், நடுவார நாளாகப் பார்த்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போனோம். மாலையில் எழும்பூரில் ஏறி, கொண்டுபோன சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டுத் திருச்சி வருவதற்குள் படுத்துவிட்டோம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தது. 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவின்போது வயதைச் சரியாகக் கொடுக்க வேண்டும்; இடம் இருந்தால் கிடைக்கும்.

நான் கண்விழித்தபோது வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் இருட்டு. அந்த இருட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள். கதவருகே போய் நின்றேன். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்துக் காற்று முகத்தில் வந்து அறைந்தது. நாகர்கோவிலில் பாதிப் பெட்டி காலியானது. அதன் பிறகு தென்னந்தோப்புகளும் குளங்களுமாகக் கொஞ்ச தூரம், பிறகு தண்டவாளமே முடிந்துவிடுகிறது. பக்கத்து நடைமேடையில் திப்ருகர் என்று பலகை மாட்டிய பெட்டிகள் நின்றன. அசாம் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி அது. தமிழ், ஆங்கிலம், இந்தி தவிர வேறு எழுத்தே பார்த்திராத என் மகள், அதில் இருந்த அசாமிய எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள்.

ரயில் நிலையத்திலிருந்து கடல் நடக்கும் தூரம்தான். அம்மாவுக்காக ஆட்டோ எடுத்தோம். சூரிய உதயத்தைப் பார்க்க முடிந்தது. இதை எல்லோருக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுவதால் எங்களுக்கு வாய்த்தது. சித்திரை, வைகாசியில் அதற்கு முன்பே விடிந்துவிடும். வண்டி கொஞ்சம் தாமதித்தாலும் அந்தக் காட்சி போய்விடும்.

விடுதியில் குளித்து, இட்லி சாப்பிட்டு, 7.15க்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அறுபது, எழுபது பேர் இருந்திருப்பார்கள். கருப்பு வேட்டியில் ஐயப்ப பக்தர்கள் சிலர், வடநாட்டுப் பள்ளிக் குழந்தைகள் ஒரு கூட்டம். அன்றும் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருந்ததால் படகு உடனே கிளம்பவில்லை. ஆனால் இந்த முறை யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 9 மணி ஆனாலும், 11 மணி ஆனாலும், பிற்பகலே ஆனாலும் எங்களுக்கு அந்த நாள் முழுக்க மிச்சம் இருந்தது. வரிசைக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மட்டிப்பழம் வாங்கித் தின்றோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி மாவட்டத்துப் பழம் இது. விரல் நீளத்தில், மெல்லிய தோலோடு, தேன்போல இருக்கும். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

சாதாரண டிக்கெட்டா, சிறப்பு டிக்கெட்டா என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் போனபோது 75 ரூபாயும் 300 ரூபாயும். சிறப்பு டிக்கெட் வாங்கினால் வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது, படகு ஒன்றுதான். காலையில் முதலிலேயே போய் நிற்பவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை. முற்பகல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தேவைப்படும். ஆக இரவு ரயில் இந்தச் செலவையும் மிச்சப்படுத்துகிறது.

ஆரஞ்சு நிற உயிர்காப்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினோம். பத்து நிமிடம்கூட ஆகாத பயணம். பாதி வழியில் ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டபோது அம்மா என் கையைப் பிடிக்கவில்லை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாறையிலிருந்து பாலத்தின் வழியே நடந்தார். கண்ணாடித் தளத்துக்குக் கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறுவதைப் பார்க்க நடுவில் நின்றார். சிலையின் அடியில் போய், 38 அடிப் பீடத்தை ஒரு கையால் தொட்டபடி நின்றிருந்தவரை மகள்தான் படம் எடுத்தாள். பாலம் வருவதற்கு முன்பு சிலைக்குத் தனியாகப் படகு போக வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் சீறினாலோ பாறைக்கு மட்டும் ஓட்டி, சிலைக்கு ஓட்டாமல் விட்டுவிடுவார்கள். இப்போது பாறையில் இறங்கிவிட்டால், பாலம் திறந்திருக்கும் வரை, சிலைக்கும் நடந்தே போய்விடலாம். முன்பு எப்போதோ போய் வள்ளுவரைத் தவறவிட்டவர்கள் இந்தக் காரணத்துக்காகவே மீண்டும் போகலாம்.

இரவு ரயிலில் குறை இல்லாமல் இல்லை. முதலாவது டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. விடுமுறை நாட்களுக்குத் தொடங்கிய அன்றே எடுத்துவிட வேண்டும். அது கிடைக்காமல் இன்னொரு இரவு வண்டியான அனந்தபுரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவில் வரை போகலாம் என்று நினைத்தால், படகு வரிசை வளர்ந்த பிறகே கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர முடியும். இரண்டாவது, திரும்பும் வண்டி சூரியன் மறைவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அறை எடுக்காமல் அன்றே திரும்புவோம் என்று திட்டமிட்டால் அஸ்தமனம் கிடையாது. நாங்கள் ஒரு இரவு தங்கி, அஸ்தமனத்தையும் பார்த்து, மறுநாள் மாலை வண்டியில்தான் திரும்பினோம்.

பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளாம்பாக்கத்திலிருந்து அரசு விரைவுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் போகின்றன. கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது இதில் மட்டும்தான். நெடுஞ்சாலை நன்றாக இருக்கிறது; காவல்கிணறில் நாகர்கோவில் சாலையை விட்டுப் பிரிந்து நேரே குமரிக்கு வந்துவிடலாம். ஏறும்போதே கன்னியாகுமரி வரை போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகள் நாகர்கோவில் வடசேரியோடு நின்றுவிடும். நான் போன தனியார் பேருந்து வழியில் பழுதாகி, விருதுநகர் அருகே இரண்டு மணி நேரம் நின்றது. கடலைப் பார்த்தபோது வெயில் ஏறிவிட்டது. தனியாகப் போகும் இளைஞர்களுக்கு இது சரிவரும். வயதானவர்களோடு, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், கழிப்பறைக்கு வண்டி நிற்கும் இடத்தை எதிர்பார்த்துப் போவதை நான் செய்ய மாட்டேன்.

விமானத்தில் திருவனந்தபுரம் வரை ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து குமரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நான் ஒரே ஒரு முறைதான் அப்படி வந்தேன், அதுவும் ஆனி மாத மழையில். பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று ஊருக்கு ஊர் நெரிசல். வாடகைக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மழையில்லாத நாளில், விடியற்காலையில் அந்தச் சாலை வேறு மாதிரி இருக்கலாம். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையும் வழியில் இருப்பதால், படகை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு அரண்மனையைப் பார்த்தபடி வருகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த ஆனி மாதப் பயணத்தில் படகு ஏறவே முடியவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து இரண்டு நாளும் சேவை ரத்து. எந்த வழியில் போவதானாலும் ஆனி, ஆடி மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நான்கைந்து நாள் தள்ளி, சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளுக்கு இரவு வண்டி கிடைத்தால் எடுத்துவிடுங்கள். என் அம்மா இப்போது மூன்றாம் முறை கேட்கிறார். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். பௌர்ணமி என்பதால் படகு சந்தேகம்தான்; அந்த முறை கரையிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.