மாடியில் நிலசம்பங்கி: மணத்தில் குறையில்லை, வளர்ப்பதில்தான் வயிற்றெரிச்சல்

கோவையில் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கும் தோழி கேட்ட கேள்வி இது: "டபுள் சம்பங்கிக் கிழங்கு ஆன்லைனில் பாதி விலைக்கு வந்திருக்கிறது. பால்கனியில் வைக்க வாங்கட்டுமா?" டபுள் என்றால் நிலசம்பங்கியில் இதழ்கள் பல அடுக்காக இருக்கும் வகை. வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியில் சொன்னால், வேண்டாம். காரணம் ஒரு வரியில் அடங்கவில்லை. அவள் கேட்ட நேரமும் அப்படி: மாடியில் இருந்த சம்பங்கிப் பைகளையெல்லாம் கவிழ்த்துக் கிழங்கு பிரித்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் வாரம்.

நடும் முறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், கொஞ்சம் தொழுவுரம், வேப்பம்பிண்ணாக்கு. வைகாசி, ஆனியில் விரல் பருமனுள்ள கிழங்காகப் பார்த்து நட்டால் மூன்று மாதத்தில் தண்டு எழும்பும். சிறு கிழங்குகளை நட்டால் அந்த ஆண்டு இலை மட்டும்தான் கிடைக்கும். தண்டு மூன்றடிக்கு வளரும் என்பதால் காற்றடிக்கும் மாடியில் குச்சி ஊன்றிக் கட்ட வேண்டியிருக்கும். அவ்வளவுதான். இதில் எதுவும் கஷ்டமில்லை. நான் வளர்த்த பூச்செடிகளில் முதல் ஆண்டு இவ்வளவு சுலபமாகப் பூத்தது வேறு எதுவும் இல்லை. பிரச்சினை அந்த முதல் ஆண்டோடு முடிந்துவிடாததுதான்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். நிலசம்பங்கியின் மணத்தைக் குறை சொல்பவர்கள் யாரும் இருக்க முடியாது. பகலில் பக்கத்தில் போய் முகர்ந்தால் இலேசாகத் தெரியும். பொழுது சாய்ந்து, மாடித்தரையின் சூடு இறங்கத் தொடங்கியதும் அது வேறு பூவாகிவிடும். இரவில் பறக்கும், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக ஏற்பட்ட பூ இது. வெள்ளை நிறமும், குழல் வடிவமும், இருட்டியபின் கூடும் மணமும் அவற்றுக்காகத்தான். நமக்குக் கிடைப்பது உபரி. தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டு இரண்டாக, சில நாள் மூன்றாக மொட்டு விரியும். ஒரு தண்டு இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். முதல் ஆண்டு ஆவணியில் ஆறு பைகளிலும் ஒரே சமயத்தில் பூத்தபோது, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மாமி மாடிக்கே ஏறி வந்து, "என்ன செண்ட் அடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் இன்றுவரை இந்தச் செடியோடு மல்லுக்கு நிற்கிறேன்.

இனி என் புகார். ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த கிழங்கு அத்தோடு சரி. மறுபடி தண்டு விடாது. அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் கிளம்பும். அவை பருத்துப் பூக்கும் பருவத்துக்கு வந்தால்தான் அடுத்த தண்டு. இந்தச் செடியை அகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள் தாவரவியலாளர்கள். அகேவ் என்றால் நம் ஊர் ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையின் இனம். அந்தக் கற்றாழை பல ஆண்டு சும்மா நின்று, ஒரு முறை வானுயரத்துக்குப் பூத்தண்டு விட்டு, அத்தோடு செத்துப்போகும். பக்கக் கன்றுகள் மிஞ்சும். சம்பங்கி செய்வதும் அதே வேலைதான். கிழங்கு சிறியது என்பதாலும், எல்லாம் மண்ணுக்குள் நடப்பதாலும் நமக்குத் தெரிவதில்லை.

வயலில் இது குறையே இல்லை. சத்தியமங்கலத்துப் பக்கமோ நிலக்கோட்டைப் பக்கமோ ஏக்கர் கணக்கில் போட்டிருப்பவர்களுக்கு ஒரு கிழங்கு ஓய்ந்தால் பக்கத்திலேயே வேறு பத்து தயாராக இருக்கும். வேர் ஓட இடமிருக்கிறது, பக்கக் கிழங்கு பருக்க இடமிருக்கிறது. ஒரு முறை நட்டு இரண்டு மூன்று ஆண்டு பூப் பறித்துவிட்டு, பிறகு தோண்டிப் பிரித்துப் புதிதாக நடுவார்கள். தோண்டிய கிழங்கும் விலைக்குப் போகும். அவர்கள் கணக்கில் பக்கக் கிழங்கு வருமானம்.

பன்னிரண்டு அங்குலப் பையில் அதுவே சாபம். முதல் ஆண்டு நான்கு கிழங்கு, நான்கு தண்டு. இரண்டாம் ஆண்டு கொஞ்சம் கூடுதலாகவே பூத்தது. அகமகிழ்ந்து போய் எல்லோருக்கும் படம் அனுப்பினேன். மூன்றாம் ஆண்டு பை நிறையப் பச்சைப் பசேலென்று கோரைப்புல் மாதிரி சம்பங்கி இலை. தண்டு என்று பார்த்தால் ஆறு பைகளுக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணலாம். உரம் போதவில்லையோ என்று உரம் வைத்தால் புல் இன்னும் செழித்தது. கவிழ்த்துப் பார்த்தபோது மண்ணே இல்லை. பை முழுக்கப் பூண்டு மூட்டை மாதிரி கிழங்கோடு கிழங்கு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. பையின் பக்கவாட்டுத் தையல் வேறு பிரிந்திருந்தது. பிரித்து, அழுகியதைக் களைந்து, பருமனானவற்றைத் தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, மாதம் ஒன்று ஆறப்போட்டுத் திரும்ப நட வேண்டும். இதில் பூக்கும் அளவுள்ளவை சொற்பம். மற்றவையெல்லாம் ஓர் ஆண்டு சும்மா சோறு தின்னும் பொடிசுகள். அவற்றைக் குப்பையில் போடவும் மனம் வராது. தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. இப்போது என்னைக் கண்டால் சிலர் வழியை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

கிழங்கு விற்கும் எந்த அட்டையிலும் இது இருப்பதில்லை என்பதுதான் எனக்குக் கோபம். 'பல்லாண்டுச் செடி, ஒரு முறை நட்டால் போதும்' என்று அச்சடிக்கிறார்கள். செடி பல்லாண்டு வாழும் என்பது உண்மை. பூவும் பல்லாண்டு வரும் என்று நாமாக நினைத்துக்கொள்வோம் என்பது அவர்களுக்குத் தெரியும். 'இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரித்து நடவும்' என்று ஒரு வரி சேர்த்தால் அவர்களுக்கு என்ன குடி முழுகிவிடப் போகிறது?

இப்போது டபுளுக்கு வருகிறேன். தோழி கேட்டது அதைத்தானே. படத்தில் பார்த்தால் குட்டி ரோஜாவை அடுக்கிவைத்தாற்போல இருக்கும். யாருக்கும் ஆசை வரும். என் மதுரை வெயிலில் அந்த அடுக்கிதழ் மொட்டுகளில் பாதிக்குமேல் ஒழுங்காக விரிந்ததே இல்லை. வெளி இதழ் நான்கு திறக்கும். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நுனி பழுப்பாகி அப்படியே காயும். மணமும் ஒற்றை அடுக்கைவிடக் குறைவு. இது என் மூக்கின் குறை இல்லை. வாசனைத் திரவியத்துக்குச் சாறு எடுக்கிறவர்களும், மாலைக்கு உதிரிப்பூ வாங்குகிறவர்களும் ஒற்றை அடுக்கைத்தான் தேடுகிறார்கள். டபுள் போவது பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும். தண்டோடு வெட்டி, அடியில் இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்த நிலையில் விற்றுவிடுவார்கள். மேலே உள்ள மொட்டுகள் விரிந்தனவா இல்லையா என்று கல்யாண மண்டபத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஓசூரில் இருக்கும் என் தங்கைக்கு அதே கிழங்கில் நான்கு கொடுத்தேன். அங்கே படத்தில் இருப்பது போலவே விரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவை மதுரையைவிடக் குளிர்ச்சி என்பதால் தோழியின் வீட்டில் கொஞ்சம் நன்றாக வரலாம். ஆனால் அவளுடைய பால்கனி வடக்குப் பார்த்தது. வெயில் இல்லாத இடத்தில் ஒற்றையும் பூக்காது, டபுளும் பூக்காது. அங்கே அழகுக்கு இலை வேண்டுமென்றால் மணி பிளான்ட் இருக்கிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பெயர் கேட்டு வாங்குங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவற்றில் ஷ்ருங்கார், பிரஜ்வல் இரண்டும் ஒற்றை அடுக்கு. சுவாசினி, வைபவ் இரண்டும் பல அடுக்கு. என்னிடம் பிரஜ்வல் இருக்கிறது. மொட்டில் இலேசான இளஞ்சிவப்பு ஓடும், விரிந்தால் வெள்ளை. பூவும் நாட்டுச் சம்பங்கியைவிடப் பெரிது. ஷ்ருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் என்பதால் வயல்காரர்களுக்குப் பிடிக்கும். அந்தப் புழு வந்த பையில் இலை வெளிறி, வேரில் முண்டு முண்டாக இருக்கும். துலுக்கச் சாமந்தியை அதே மண்ணில் ஒரு பருவம் வைத்து எடுத்தால் கட்டுப்படும். மாவுப்பூச்சி இலையடுக்கின் அடியில் ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். என்னை இந்தச் செடி நோயால் தோற்கடித்ததில்லை. பெருகிப் பெருகித்தான் தோற்கடிக்கிறது.

மூன்றாம் ஆண்டு பூ இல்லாத ஆவணியில் ஏக்கம் தாங்காமல் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். முகூர்த்தம் இல்லாத வாரம். சம்பங்கி கிலோ 20 ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்தது. இதே பூ முகூர்த்த நாளில் 200 ரூபாயைத் தாண்டும். கால் கிலோ கேட்டேன். கடைக்கார அக்கா நிறுக்காமலேயே இரண்டு கை அள்ளிப் பையில் போட்டு, "ஐந்து ரூபாய் கொடும்மா" என்றார். வீட்டுக்கு வந்து ஈரத்துணி விரித்த தாம்பாளத்தில் பரப்பிவைத்தேன். அன்று இரவு ஆறு பை பூத்த இரவைவிட வீடு மணத்தது. மறுநாள் இரவும் மணத்தது.

அது தற்செயல் இல்லை. மல்லிகையைப் போலவே சம்பங்கியும் பறித்த பிறகும் மணத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தென் பிரான்ஸின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் ஒரு காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுகளில் இந்தப் பூவைப் பரப்பி, அது வெளிவிடுகிற மணத்தை நாள் கணக்கில் அந்தக் கொழுப்புக்குள் இறக்கினார்கள். சூடாக்கிச் சாறு பிழிவதைவிட, பூவை அதன் போக்கில் விட்டுவிட்டு வாங்கிக்கொள்வதே லாபம் என்று கண்டுகொண்டவர்கள். அவர்கள் கொழுப்புத் தட்டில் செய்ததை நான் ஈரத்துணியில் ஐந்து ரூபாய்க்குச் செய்தேன். மூன்று ஆண்டு மண் சுமந்ததற்கு என்ன கணக்கு எழுதுவது?

ஆகவே தோழிக்கு என் பதில்: ஆன்லைன் கிழங்கு வேண்டாம். டபுள் நிச்சயமாக வேண்டாம். மணம்தான் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை காலையில் உன் ஊர் பூ மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வா. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு தருவேன். அதுவும் இந்த வாரம் கேட்டதால். ஆவணியில் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன், அதையும் மறுக்கவில்லை.

பிரித்த கிழங்குகளில் பருமனானவை மட்டும் மாடிப்படிக்குக் கீழே நிழலில் காய்கின்றன. மூன்று பைக்கு மட்டும் மண் கலந்து வைத்திருக்கிறேன். ஆறு இல்லை, மூன்றுதான். மீதி நாற்பது ஐம்பது கிழங்கு அட்டைப் பெட்டியில் இருக்கிறது. எல்லாம் ஒற்றை அடுக்கு. தெற்குப் பார்த்த மாடி இருக்கிறவர்கள் யாராவது கேட்டால் கொரியர் செலவையும் நானே ஏற்றுக்கொண்டு அனுப்பிவைக்கிறேன். திருப்பி மட்டும் அனுப்பக் கூடாது.