பிளிக்கர்ஸ்: வகுப்பில் ஒரே ஒரு போன் போதும்

பி.எட். இரண்டாமாண்டில் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்கள் "டிஜிட்டல் கருவி" என்றதும் முதலில் விசாரிப்பது புரொஜெக்டர் இருக்கிறதா என்பதைத்தான். நானும் அதைத்தான் விசாரித்தேன். பதினாறு வாரப் பயிற்சியில் என்னென்னவோ செயலிகளை முயன்று பார்த்தாயிற்று. அறந்தாங்கிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், கடைசிவரை என்னோடு நின்றது ஒரு கட்டுக் காகித அட்டையும் என் பழைய ஆண்ட்ராய்டு போனும்தான். அந்த அட்டைகளுக்கு உரிய செயலியின் பெயர் பிளிக்கர்ஸ். இந்த ஆண்டு பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் க்யூஆர் குறியீடு மாதிரி கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். ஓர் அட்டையில் இருப்பது இன்னோர் அட்டையில் இருக்காது. உருவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று மிகச் சிறிய எழுத்துகள். கேள்வியைக் கேட்டதும், எந்த விடை சரியென்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பி மாணவர்கள் உயர்த்திப் பிடிக்க வேண்டும். நாம் போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல நகர்த்தினால், எந்த எண் அட்டை எந்த விடையைச் சொல்கிறது என்று திரையில் வந்துவிடும். சரி பச்சை, தவறு சிவப்பு. மாணவர்களுக்குப் போன் வேண்டாம், டேப் வேண்டாம், கணினியும் வேண்டாம். கேள்வியைத் திரையில் காட்டலாம். திரை இல்லாவிட்டால் கரும்பலகை இருக்கவே இருக்கிறது.

அட்டைகளைத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் நாற்பது அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 வரை உண்டு. ஏ4 தாள் ஒன்றுக்கு இரண்டு அட்டைகள் வீதம் நாற்பதுக்கும் இருபது தாள்கள். ஜெராக்ஸ் கடையில் பக்கம் இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் நாற்பது ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். சாதாரணத் தாள் தூக்கிப் பிடித்தால் வளையும். அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு நுண்ணிலைக் கற்பித்தலுக்கு (சில நிமிடச் சிறு பாடம் எடுத்துப் பழகும் பயிற்சி) வரைந்து, மதிப்பெண் வாங்கிய பிறகு பரண்மேல் போட்டு வைத்திருக்கும் சார்ட்டுகள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றை வெட்டி, அட்டைகளை அவற்றின் பின்புறத்தில் ஒட்டினேன். அந்தச் சார்ட்டுகள் உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

லேமினேஷன் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கட்டமே தெரியாது. மங்கலான வகை கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தமிழ்வழி வகுப்புக்கு இன்னொரு சிறு வேலை இருக்கிறது. நம் பாடநூலில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்று வரும். அட்டையிலோ ஏ, பி, சி, டி. போதாததற்கு, உருவம் ஆசிரியரைப் பார்த்து இருப்பதால், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்க மாணவர் அட்டையைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தில் ஏ இருக்கும் விளிம்புக்கு நேர் பின்னால் பென்சிலால் சிறிதாக அ, பி இருக்கும் விளிம்புக்குப் பின்னால் ஆ என்று எழுதிக் கொடுத்தேன். புரட்டுவது நின்றது. ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிவிடாதீர்கள். பின்பெஞ்சில் இருப்பவர் முன்பெஞ்சின் விடையைச் சுகமாகப் படித்துவிடுவார்.

என் வழிகாட்டி ஆசிரியர் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. "ஏம்மா, கையைத் தூக்கச் சொன்னால் போதாதா? இதற்கு எதற்கு இத்தனை அட்டை?" சாருக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வகுப்பில்தான் கிடைத்தது.

'மின்னூட்டமும் மின்னோட்டமும்' பாடம். ஒரு மின்கலம், ஒரு விளக்கு, இரண்டு கம்பிகள். கரும்பலகையில் படம் வரைந்துவிட்டுக் கேட்டேன்: விளக்கிற்குள் நுழையும் முன் இருக்கும் மின்னோட்டத்தையும், விளக்கைத் தாண்டிய பின் இருக்கும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டால் எது சரி? அ) முன்னால் அதிகம், பின்னால் குறைவு. ஆ) முன்னால் குறைவு, பின்னால் அதிகம். இ) இரண்டு பக்கமும் சமம். ஈ) பின்னால் மின்னோட்டமே இருக்காது.

இதே கேள்வியை வாயால் கேட்டிருந்தால் என்ன நடக்கும் என்பது எந்த வகுப்பறையிலும் இருந்தவர்களுக்குத் தெரியும். முதலில் கத்துகிற ஒருவன் இருப்பான். எங்கள் வகுப்பிலும் இருந்தான்; நன்றாகப் படிக்கிற பையன்தான். அவன் சொன்னதை மற்றவர்கள் கோரஸாகச் சொல்வார்கள். நாம் மகிழ்ந்து அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். அட்டை வந்த பிறகு அவன் கத்துவதற்கு வழியில்லை. பக்கத்தில் இருப்பவனின் அட்டையைப் பார்த்துத் திருப்பலாம் என்றால், இரண்டு அட்டைகளிலும் உருவம் வேறு வேறு. அவன் எந்தப் பக்கத்தை மேலே வைத்திருக்கிறான் என்று சட்டெனப் பிடிபடாது. போனை நகர்த்திப் பார்த்தேன். வகுப்பில் பெரும்பாலோர் அ. சிலர் ஈ. முதல் குரல்காரனும் அ. பாடநூலின் வரையறையை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் அவர்கள். மின்னோட்டத்தின் அலகு என்ன என்று கேட்டால் திரை முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும், அந்தப் பச்சையால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இது: கேள்வி, தனியாக ஒரு விடை, பக்கத்தவரோடு விவாதம், மறுபடியும் விடை. வகுப்பு சந்தைக்கடையானது. "விளக்கு எரிகிறதே, எதுவும் செலவாகாமல் எப்படி மிஸ் எரியும்?" என்று ஒரு பெண் என்னையே மடக்கினாள். நல்ல கேள்வி, செலவாவது ஆற்றல், மின்னூட்டம் அல்ல என்ற இடத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரலாம். நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் கடைக்காரர் மகன் சொல்லிவிட்டான்: "செயின் மேலே எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதே வேகத்தில்தான் கீழேயும் திரும்பி வரும். ஆனால் மிதிக்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்." இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாம் முறை அட்டையைத் தூக்கியபோது இ ஏறியிருந்தது. எல்லோரும் மாறிவிடவில்லை, ஆனால் திரையின் நிறம் மாறியிருந்தது.

பின்பெஞ்சில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சார் அதன்பிறகு அட்டை எதற்கு என்று கேட்கவில்லை.

மீதிச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002-இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம் அது; அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் உருவகப்படுத்தல்களைத் தருகிறது. முழுக்க இலவசம். நான் காட்டியது 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி' என்ற உருவகப்படுத்தல். கம்பி, மின்கலம், விளக்கு எல்லாவற்றையும் இழுத்து இணைத்துச் சுற்றை உருவாக்கலாம். விளக்கிற்கு இருபுறமும் அம்மீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு நீல உருண்டைகளாக நகர்வதைக் காட்டும். விருப்பம்போல் அதை மாற்றி மரபு மின்னோட்டத்தின் அம்புக்குறிகளாகவும் பார்க்கலாம். எலக்ட்ரான் ஒரு திசை, மரபு மின்னோட்டம் எதிர்த்திசை என்று பக்கம் பக்கமாக விளக்குவதை இது ஒரு தட்டில் காட்டிவிடுகிறது. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பிடித்து எரியும். அதைப் பார்த்த பிறகு வகுப்பு என் கையில் இல்லை, எல்லோரும் தீ வைக்கத்தான் வந்தார்கள். குறுக்குச் சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் மறந்ததாகத் தெரியவில்லை. முக்கியமான வசதி இன்னொன்று: இந்த உருவகப்படுத்தல்களை ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே உலாவியில் ஓட்டலாம். வீட்டிலேயே மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு போங்கள். பள்ளியில் சிக்னல் எந்த மரத்தடியில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

போனிலோ கணினியிலோ போட்டியாக விளையாடும் வினாடி வினாச் செயலியான கஹூட் பற்றியும் கேட்பீர்கள். கல்லூரியில் எங்களுக்குள் விளையாடியபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். பள்ளிக்கு அது ஒத்துவரவில்லை. பிள்ளைகளிடம் கருவி வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துப் போகலாம் என்றால், அங்கே வேறு ஏதாவது மதிப்பீடோ பதிவேற்றமோ நடந்துகொண்டிருக்கும். அதைவிட எனக்கு ஒப்பாதது, சீக்கிரம் பதில் சொன்னால் அதிக மதிப்பெண் என்ற அதன் வழக்கமான அமைப்பு. யோசித்துச் சொல்கிற பிள்ளை அங்கே எப்போதும் பின்னால்தான் நிற்கும். கணிதம் எடுக்கும் தோழிகள் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியைக் கொண்டாடுகிறார்கள். என் பாடம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

பிளிக்கர்ஸுக்கே திரும்புகிறேன், குறைகளும் இருக்கின்றன. போனில் டேட்டா வேண்டும். ஃபெட் போல முழுக்க இணையமின்றி ஓடும் கருவி இல்லை இது. செயலியையும் தளத்தையும் நான் ஆங்கிலத்தில்தான் பயன்படுத்தினேன், கேள்விகளைத் தமிழில் தட்டச்சு செய்யலாம் என்பதோடு சரி. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விகள். நாற்பது நிமிடப் பாடவேளையில் விவாதத்தோடு இரண்டு கேள்விகளுக்கு மேல் போனால் பாடம் முடியாது என்பதால் இது எனக்குத் தடையாகத் தெரியவில்லை. பருவத் தேர்வுக்கு முன் இருபது கேள்விகளை வரிசையாக அடித்துத் தள்ள நினைப்பவர்களுக்குத் தடைதான். எழுதிக் காட்டும் விடை, படம் வரைதல், கணக்கின் படிகள் எதையும் இதனால் பார்க்க முடியாது.

கேமராவுக்கும் சில அடம் உண்டு. விரல் கட்டத்தின்மேல் பட்டால் படிக்காது. விளிம்பை மட்டும் பிடிக்கப் பழக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் வரிசை இருட்டாக விழும். நாம்தான் நின்ற இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வகுப்பில் போனை எடுப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பெயர்ப் பட்டியல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மாணவர் பெயர்களை உள்ளிடச் சொல்லிச் செயலி கேட்கும். நான் வரிசை எண்ணை மட்டும் கொடுத்தேன், எந்த எண் யார் என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரையும் அது தவறாகச் சொன்ன விடைகளையும் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் ஏற்றி வைக்க நாம் யார்?

செலவு நாற்பது ரூபாய் என்றேன். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சரியான விடை பாடநூலிலேயே கிடைக்கும், தவறான விடைகள் மூன்றையும் நாமே உருவாக்க வேண்டும். பிள்ளைகள் உண்மையில் நம்பிக்கொண்டிருப்பது அவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆணி மூழ்குகிறது, கப்பல் மிதக்கிறது என்ற கேள்விக்கு "கப்பலில் எஞ்சின் இருப்பதால்" என்பதை ஒரு விடையாக வைக்க, அதைச் சொல்லும் பிள்ளையின் பேச்சை முந்தின நாள் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு நல்ல கேள்விக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. பாடக்குறிப்பேட்டில் அதற்குக் கிடைப்பது 'மதிப்பீடு' என்ற ஒரு சிறு கட்டம். மேற்பார்வைக்கு வந்தவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, சார்ட் எங்கே?" என்றுதான் கேட்டார். அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.

அச்சிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோப்பின் அளவைக் குறைத்து, நான்கு அட்டைகளை ஒரே தாளில் அடக்கித் தாளை மிச்சம் பிடிக்க ஜெராக்ஸ் கடைக்காரர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். கட்டம் சிறிதானால் கடைசி பெஞ்சு கேமராவுக்கு எட்டாது. கிழிந்துபோகும் எண்களுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.