வெள்ளகவிக்குக் கும்பக்கரையிலிருந்து ஏறுவதா, வட்டக்கானலிலிருந்து இறங்குவதா?

பழனிமலைத் தொடரின் சரிவிலுள்ள வெள்ளகவி என்னும் சிற்றூருக்கு நடந்து செல்ல விரும்புவோர் பலரும் இந்த இரு வழிகளுக்கிடையே தயங்குகின்றனர்.

ஏற்றம்: பெரியகுளம் அருகிலுள்ள கும்பக்கரை அருவி மலையடிவாரத்தில் இருப்பதால், அங்கிருந்து தொடங்குவோர் ஊரை அடையும்வரை ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலோ ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டால்பின் நோஸ் பாறையைக் கடந்து பெரும்பாலும் இறக்கமே.

வெயில்: கீழ்வழியில் காலை எட்டு மணிக்குமேல் புழுக்கம் வாட்டும், மேல்வழியில் சோலை நிழலும் மூடுபனியும் உண்டு.

முழங்கால்: இங்குதான் பலர் தவறாகக் கணிக்கின்றனர். ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் ஓய்ந்தால் தணியும். செங்குத்தான இறக்கமோ ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையையும் முழங்காலில் இறக்கும். மேலும் இம்மலை சுண்ணாம்புக்கல் அன்று, சார்னோகைட் என்னும் கடும்பாறை. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிவதால், பாசி பிடித்த கற்களில் கால் வழுக்கும். வேர்கள் பின்னிய இடங்களில் ஊன்றுகோல் இன்றி இறங்க வேண்டாம்.

மோட்டார் சாலை வருமுன் பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு மக்கள் ஏறியது இந்தச் சரிவில்தான். அந்தப் பழம்பாதையை உணர விரும்புவோருக்கும் முழங்கால் வலி உள்ளோருக்கும் கும்பக்கரை வழியே ஏற்றது. ஒரே பகலில் திரும்ப எண்ணுவோர் வட்டக்கானலைத் தேரலாம். ஆனால் மாலை ஏற்றத்திற்கு வலிமையை மிச்சம் வைக்க வேண்டும். எவ்வழியாயினும் வனத்துறையிடம் முன்னரே கேட்டறிந்து, வெள்ளகவிக்குள் காலணி அணியாத ஊர் வழக்கப்படி, ஊர் எல்லையில் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.