மலை உச்சி ரேடியோவுக்குக் கீழே வைக்க ஒரு சுவிட்ச்: மைக்ரோடிக் சிஆர்எஸ்326

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தோட்ட அலுவலகம், தேயிலைத் தொழிற்சாலை, விடுதி என்று பலரின் இணைப்பையும் ஒரே ரேடியோ (கம்பியில்லா இணைப்புக் கருவி) வழியாகக் கொண்டுபோகும் சிறிய சேவையாளருக்கு மைக்ரோடிக் சிஆர்எஸ்326-24ஜி-2எஸ்+ஆர்எம் நல்ல தெரிவு. தொழிற்சாலையும் விடுதியும் கேமராவுக்கு விலான் 10ஐயே (விலான் என்பது ஒரே கம்பியில் பிரித்து ஓடும் தனி வலையமைப்பு) பாவித்தாலும் மோதாது. அவரவர் டேக்குக்கு (பொதியில் விலான் எண்ணைச் சொல்லும் அடையாளம்) மேலே தனியொரு வெளி டேக்கை இது ஏற்றிவிடும், அதையும் சுவிட்ச் சிப்பே செய்யும். 24 கிகாபிட் போர்ட்டின் சுமையை 800 மெகாஹேர்ட்ஸ் சிபியு தாங்காது என்பதால் இதுதான் முக்கியம். பிரிட்ஜ் (போர்ட்களை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) ஒன்று மட்டும் வையுங்கள். இரண்டாவது பிரிட்ஜுக்கு ஹார்ட்வேர் ஆஃப்லோட் (சிபியுவுக்குப் பதில் சிப்பே வேலையைச் செய்வது) கிடைக்காது. போர்ட் பட்டியலில் எச் குறி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரிட்ஜின் ஈதர்-டைப்பை (டேக்கின் வகையைச் சொல்லும் எண்) ஹெக்ஸ் 88ஏ8 ஆக்குங்கள். வாடிக்கையாளர் போர்ட்டில் டேக்-ஸ்டாக்கிங்கை (டேக் மேல் டேக் ஏற்றுவது) யெஸ் என்று போட்டு, ஆளுக்கொரு பிவிஐடி (வெளி டேக்கில் போகும் எண்) கொடுங்கள்: ஒருவருக்கு 200, அடுத்தவருக்கு 201. பிரிட்ஜ் விலான் அட்டவணையில் அந்த எண்களை ரேடியோ போர்ட்டுக்கு டேக்டாகச் சேர்க்க வேண்டும். விலான்-ஃபில்டரிங்கை (இந்த விலான் விதிகளை அமலாக்கும் அமைப்பு) இயக்குவது கடைசியில்தான்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிர்வாகத்துக்கு வைத்திருக்கும் விலான் இன்டர்ஃபேஸில் யூஸ்-சர்வீஸ்-டேக் யெஸ் என்று இல்லாவிட்டால் அது சாதாரண விலானின் 8100 டேக்கையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஃபில்டரிங்கை இயக்கிய கணமே சுவிட்ச் கைவிட்டுப் போகும். சீரியல் கன்சோல் உண்டு, ஆனால் அதற்கு மழையில் கோபுரம் வரை ஏற வேண்டும். சேஃப் மோடில் நின்று மாற்றுங்கள், தொடர்பு அறுந்தால் பழைய நிலைக்குத் தானே திரும்பும்.

"பிங் போகுது, பெரிய ஃபைல் மட்டும் போகமாட்டேங்குது" என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் ரேடியோவைப் பாருங்கள். 1500 பைட் பொதிக்கு இரண்டு டேக் சேர்ந்தால் 1508. இந்தச் சுவிட்சின் எல்2எம்டியு (கடத்தக்கூடிய பொதியின் உச்ச அளவு) இயல்பாகவே 1592 என்பதால் இங்கே தடையில்லை; நடுவிலுள்ள பழைய ரேடியோதான் பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். வாடிக்கையாளரின் விலானுக்குள்ளிருந்தே, துண்டாக்காமல், 1472 பைட் தரவோடு பிங் செய்து பார்க்காமல் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

மறுமுனையில் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3560 இருந்தால் அது வெளி டேக்கையும் 8100 ஆகவே அனுப்பும். அப்போது இங்கேயும் 8100 வையுங்கள், டேக்-ஸ்டாக்கிங் அதிலும் வேலை செய்யும். இரு முனையும் வேறுவேறாக இருந்தால் ஸ்பேனிங் ட்ரீயும் (வலையமைப்பில் சுழற்சி வராமல் தடுக்கும் நெறிமுறை) குழம்பும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் இடங்களுக்கு இதன் 10 முதல் 30 வோல்ட் டிசி உள்ளீடு பெரிய வரம். விசிறி இல்லை, பேட்டரியில் நேரடியாக ஓடும். 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியானால் சார்ஜரின் ஈக்வலைஸை (கூடிய வோல்ட்டில் சார்ஜ் செய்யும் கட்டம்) நிறுத்திவையுங்கள், அது 30 வோல்ட்டைத் தாண்டலாம். போர்ட்களில் மின்சாரம் வெளியே வராது. ரேடியோவுக்கான இன்ஜெக்டர் (வலைக் கம்பி வழியே மின்சாரம் கொடுக்கும் கருவி) செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.