முசோலினியா, ஹிட்லரா: எதில் தொடங்குவது?

தர்மபுரியில் எங்களோடு போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் பலரும் தீவிர வலதுசாரி வரலாறு என்றாலே நேராக ஹிட்லருக்குப் போய்விடுகிறார்கள். நான் முசோலினியில் இருந்து தொடங்கச் சொல்வேன்.

1921 இத்தாலித் தேர்தலில் முசோலினியின் பாசிஸ்டுகள் ஜெயித்தது 35 இடம்தான். ஆனால் கூலித் தொழிலாளர் சங்கங்களை அவர்களுடைய கருஞ்சட்டைப் படை (நம்மூர்ப் பெரியார் தொண்டர்களின் கருஞ்சட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) அடித்து நொறுக்கியபோது பெரிய நிலக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், போலீஸ் பல ஊர்களில் வேடிக்கை பார்த்தது. 1922 அக்டோபரில் அந்தப் படை ரோமுக்குக் கிளம்ப, பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்ட ஆணையைத் தயாராக எடுத்துப் போகிறார், அரசர் கையெழுத்துப் போட மறுக்கிறார். முசோலினி மிலானில் இரவு ரயிலேறி, படுக்கை வசதிப் பெட்டியில் வந்து இறங்கிப் பிரதமர் ஆகிவிட்டார்! ஒரே ஒரு கையெழுத்து. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஜெர்மனியில் ஓட்டு பலம் இருந்தது. ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 1928இல் 2.6 சதவீதம், பொருளாதாரம் சரிந்தபின் 1932 ஜூலையில் 37.3. சரி, மக்கள்தான் கொண்டுவந்தார்கள் என்கிறீர்களா? அதே வருடம் நவம்பரில் 33.1க்கு இறங்கிவிட்டார்கள். அப்புறமும், கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பழமைவாதிகள்தான் 1933 ஜனவரி 30இல் ஹிட்லரைப் பதவியில் உட்கார வைத்தார்கள்.

வேகத்தில்தான் பெரிய வித்தியாசம். முசோலினிக்கு முழு சர்வாதிகாரத்துக்கு சில வருடங்கள் பிடித்தன. ஹிட்லர் அதே 1933 ஜூலைக்குள் மற்ற எல்லாக் கட்சிகளையும் ஒழித்துவிட்டார்.