நெட்கேட்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒரு கட்டளையின் வெளியீட்டைப் பைப் மூலம் அடுத்த கட்டளைக்கு அனுப்புவது லினக்ஸ் பழகியவர்களுக்குப் புதிதல்ல. அந்த அடுத்த கட்டளை வேறொரு கணினியில் இருக்கும்போது நான் பல ஆண்டுகளாக நாடிவருவது, 1995ஆம் ஆண்டு ஹாபிட் என்ற புனைபெயர் கொண்டவர் வெளியிட்ட நெட்கேட் கருவியைத்தான்.

எனக்கு இது மிகுதியும் உதவுவது, வட்டு நிரம்பிய சர்வரிலிருந்து பழைய லாக் கோப்புறைகளை அப்புறப்படுத்தும்போது. பெறும் கணினியில் 9000ஆம் போர்ட்டில் (இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாயில்) நெட்கேட்டைக் காத்திருக்கச் செய்து அதன் வெளியீட்டை, பல கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளைக்குத் திருப்பிவிட்டு, அனுப்பும் கணினியில் டாரின் வெளியீட்டை நெட்கேட்டுக்குக் கொடுத்தால் போதும். இடைக்காலக் கோப்பு எதுவும் உருவாவதில்லை என்பதால், வட்டில் துளி இடம் இல்லாவிட்டாலும் வேலை நடந்துவிடும். ஒரு ஜிகாபிட் இணைப்பு உண்மையில் தரக்கூடிய வினாடிக்குச் சுமார் 117 மெகாபைட் என்ற உச்சத்தை, வட்டுகள் ஈடுகொடுக்கும் வரை, இது நெருங்கிவிடுகிறது.

குறை இருப்பது முடிக்கும் இடத்தில். தரவு முழுவதும் போய்ச் சேர்ந்த பின்னும் அனுப்பிய திரையில் பிராம்ப்ட் திரும்பாமல் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். உபுண்டு லினக்ஸில் இயல்பாகக் கிடைக்கும், நெட்கேட்டின் ஓபன்பிஎஸ்டி பதிப்பில், தரவு முடிந்ததும் இணைப்பை மூடப் பெரிய எழுத்து ‘என்’ விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். டெபியன் லினக்ஸ் தரும் பழைய மரபு நெட்கேட்டிலோ ‘கியூ’ விருப்பத்துடன் சுழியம் தர வேண்டும். என்மேப் என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவியை உருவாக்கும் குழுவினரின் என்கேட்டில் அதற்கு வேறு விருப்பம். ஒரே பெயரில் உலவும் பதிப்புகளுக்குள் இத்தனை வேற்றுமை இருப்பது, ஸ்கிரிப்ட் எழுதுபவருக்குத் தலைவலிதான்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அனுப்பும் நிரல் பாதியில் கொல்லப்பட்டாலும் இணைப்பு முறையாக மூடப்பட்டதாகவே மறுமுனைக்குத் தெரியும். டார் போன்ற கட்டளை கோப்பு பாதியில் நின்றதைக் கண்டுகொள்ளும். வெறும் கோப்பாகச் சேமித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆகவே இருபுறமும் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) ஒப்பிட்ட பிறகே மூலக் கோப்பை அழிக்கிறேன்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க டிசிபியில் (இணைப்பை இருமுனையும் உறுதிசெய்யும் நெறிமுறை) இது நம்பத்தக்கது. அத்தகைய உறுதிப்பாடு இல்லாமல் தரவை அனுப்பும் யுடிபியில் அப்படியல்ல: ஃபயர்வால் பாக்கெட்டுகளைச் சத்தமின்றி விழுங்கினாலும் வெற்றி என்றே அறிவிக்கும்.

நெட்கேட் இயல்பாக மறையாக்கம் எதுவும் செய்யாததால், ஒரே அறைக்குள் உள்ள, என் கட்டுப்பாட்டிலுள்ள வலையமைப்பைத் தாண்டி இதை நான் பயன்படுத்துவதில்லை. வெளியே செல்லும் தரவுக்கு, மறையாக்கத்துடன் வேறு கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக அதே டார் பைப்பை அமைத்துக்கொள்கிறேன், பழைய செயலிகளில் அது சற்று மந்தமாக இருந்தாலும்.